விமானம் ஏறி வந்த அமுக்குவான்

அம்மாவுக்கு சோலைச்சாமி வணக்கம் சொல்லி எழுதுவது. குவைத்தில் நான் சுகம். உன் கால்வீக்கம் வடிந்ததா?

சும்மா கிளினிக்குக்குப் போயிருந்தேன். அப்பா எப்படி இறந்தார் என்று தமிழ் டாக்டர் கேட்டார்.

"தூங்கும்போது அமுக்குவான் பேய் நெஞ்சுல ஏறிருச்சுங்க. பெரியப்பாவும் அப்படித்தான் போனாக."

டாக்டர் சிரிக்கவில்லை. "இந்த குவைத்காரங்களும் இதையேதான் சொல்றாங்க. அது பேயில்ல, இருதய நோய். உங்க குடும்ப ரத்தத்துலயே இருக்கு" என்றார். ஊரில் விட்டுவந்ததாக நினைத்தது என்னோடு விமானம் ஏறியிருக்கிறது.

பயப்படாதே, மாத்திரை தந்திருக்கிறார்கள். இதைக் கொண்டுவரும் வீரசோழன் ஊர்க்காரர் காதர் பாயிடம் கேப்பை மாவு கொடுத்துவிடு.

பேய்க்குக் காவலென்று தம்பி பாண்டீஸ்வரன் தலைமாட்டில் இரும்பை வைத்துவிட்டுச் சும்மா இருக்காதே. இது கைக்கு வந்த அன்றைக்கே அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நெஞ்சைக் காட்டு. காதர் பாய் கிளம்பிவிட்டார், முடிக்கிறேன்.

பி.கு.: போன கடிதத்தில் தம்பி விளையாட்டாக எழுதியிருந்தான்: "அப்பா கட்டில்ல படுத்தா, யாரோ நெஞ்சுல உக்காந்த மாதிரியே இருக்குண்ணே."