அமுக்கிட்டு வா

மார்ச் 3

கேண்டீனில் இன்றும் எல்லோர் முன்னாலும் அத்தான் சொல்லிக்காட்டினார்: "இவளை டிரைவர் சீட்டுல உட்கார வச்சதே நான்தான்." ஆறு வருடமாக இந்தப் பூங்காவில் மோனோரயில் ஓட்டுகிறேன், இன்னும் எத்தனை வருடம் இந்தக் கதை? அக்காவின் புருஷன் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு டீயைக் குடித்தேன்.

மார்ச் 6

வெயில் ஏறினால் ஏரி வளைவு சிக்னலுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். முன்னால் ரயில் இல்லாவிட்டாலும் சிவப்பு விழும், வண்டி தானாக நின்றுவிடும். ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்தால்தான் நகரும். அதற்கு முன், முன் ரயில் பிளாட்பாரத்தை விட்டுப் போனதைக் கண்ட்ரோல் அறையில் இருப்பவர் கேமராவில் பார்த்து, நேரத்தைக் குறித்து, அதை வயர்லெஸ்ஸில் எனக்குச் சொல்ல வேண்டும். கண்ட்ரோலில் இருப்பது அத்தான். பார்க்கவும் மாட்டார், குறிக்கவும் மாட்டார். "அமுக்கிட்டு வா" — அவ்வளவுதான். நேரம் கேட்டால், எனக்குத் தலைக்கனம் என்று வீட்டில் போய் அக்காவிடம் ஓதுவார்.

இன்று கேட்கவில்லை.

மார்ச் 7

இன்றும்.

மார்ச் 11

அமுக்கிட்டு வான்னார். வந்தேன். வளைவு திரும்பினா, எனக்கு முன்னால ஓட்டிட்டுப் போன டிரைவர் நெட்டையனோட வண்டி பிளாட்பாரத்துலயே நிக்குது. பிரேக்கை முழுசா இழுத்தேன். ஒரு கை இடைவெளிதான். பின்னால் ஒரே அலறல். ஒரு அம்மாவுக்கு உதடு கிழிந்து ரத்தம்.

மேனேஜரிடம் அந்த ஆள் சொன்னது: "நான் வரச் சொல்லவே இல்ல சார். அவளா வந்தா."

பாவி! நேரம் குறிக்கும் நோட்டும் காலி.

ஆனால் பொத்தானில் இருந்தது என் விரல்தானே? நேரம் கேட்க எனக்கென்ன வாய் இல்லையா?

மார்ச் 12

வண்டிச் சாவியை வாங்கிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வாசலில் டிக்கெட் கிழிக்க வேண்டுமாம்.

மார்ச் 13

அக்கா வந்தாள். தப்பு முழுக்க என்னுடையது என்று எழுதிக்கொடுக்க வேண்டுமாம். "நீ ஒண்டிக்கட்டை, எங்க போனாலும் பொழைச்சுக்குவ. அவருக்கு இதை விட்டா வேற என்ன தெரியும்?"

எனக்கு மட்டும் வேறு என்ன தெரியும்? உதடு கிழிந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாளா? வெளியே போடி என்றேன். கூடப் பிறந்தவளை.

மார்ச் 16

வயர்லெஸ் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். அத்தான் சொன்னது நெட்டையன் காதிலும் விழுந்திருக்கும். விசாரணையில் சொல்வாயா என்று கேட்டேன். குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். அவன் ஷூவில் லேஸே கிடையாது.

மார்ச் 19

விசாரணை. நேரம் கேட்காமல் அமுக்கியது என் தப்பு, அமுக்கச் சொன்னது அவர் என்று எழுதிக்கொடுத்தேன். பிறகு நெட்டையனைக் கூப்பிட்டார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"எங்க எல்லாருக்கும் அவர் அப்படித்தான் சார் சொல்வாரு."

அத்தான் என்னை முறைத்தார். முறைக்கட்டும்.

ஏப்ரல் 2

இரண்டு வாரத் தண்டனை முடிந்து மறுபடி என் இருக்கை. கண்ட்ரோலில் புதிதாக ஒரு பெண், நேரத்தை இரண்டு தடவை சொல்கிறாள். அத்தானைக் கார் நிறுத்துமிடத்தில் போட்டிருக்கிறார்கள், கையில் ஒரு கொடி. என் பாதை அவர் தலைக்கு மேலேயே போகிறது. அங்கே ஹார்ன் அடிக்கத் தேவையே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் அடித்தேன். அவர் நிமிரவில்லை.

மதியம், ஆறாவது சுற்று. சாப்பாட்டுப் பையோடு அக்கா அவர் பக்கத்தில் நின்றிருந்தாள். தூரத்திலேயே பார்த்துவிட்டேன். பார்த்த பிறகும் அடித்தேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.