சாமி ஏறிய படகு

1894 நவம்பர் 6, செவ்வாய்

படகில் இன்று என் முறை. கச்சேரியில் எழுத்து வேலை முடிந்ததும் நேரே ஏரிக்குப் போனேன். படகில் கால் வைத்ததுமே தெரிந்துவிட்டது நேற்று யார் ஏறினார்கள் என்று. பலகையெல்லாம் வெற்றிலை எச்சில். நடு இருக்கையில் பாதி வடை, எறும்போடு. திங்கட்கிழமை பலராம முதலியாருடைய நாள். பட்டு வாங்க வந்த வியாபாரிகள் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு வலம் வந்தாராம். சேலையில் ஒரு இழை பிசகினால் நெய்தவனை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற மனுஷன். படகு என்றால் மட்டும் எச்சில் படிக்கம்.

காவலுக்கு வைத்திருக்கிற தருமன் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் கழுவினான். "பேஜார் பண்ணிட்டுப் போயிட்டாங்க ரைட்டரே. பெரிய மனுஷங்களாண்ட நான் இன்னா சொல்றது?"

பிறகு அவனையே துடுப்புப் போடச் சொன்னேன். இரண்டு மாதத்தில் நன்றாகக் கற்றுக்கொண்டான். துடுப்பைத் தண்ணீரில் அடிக்காதே, நுழை என்று நான் சொன்னதை இந்த ஊரில் புரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான்.

நவம்பர் 11

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து முதலியார் கடையில் உட்கார்ந்தேன். படகில் மூன்றாவது பங்குக்காரர் பழனி ரெட்டியாரும் தேவிகாபுரத்திலிருந்து வந்திருந்தார். சும்மா இருந்திருக்கலாம். வாயைத் திறந்தேன்.

சென்னையில் கால்வாய் ஆபீசில் பதினொரு வருஷம் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் துரைமார்கள் குடும்பத்தோடு படகில் போவதைக் கரையிலிருந்து பார்த்தவன். ஊருக்குப் போகிற துரை ஒருவரிடம் இந்தப் படகை நாங்கள் மூவரும் கூட்டாக வாங்கி, ரயிலில் ஏற்றி, ஸ்டேஷனிலிருந்து இரட்டை வண்டியில் கொண்டுவந்தோமே, அதற்கு யோசனை சொன்னதும் நான்தான். அதனால் சொன்னேன். இன்னும் இருபது வருஷத்தில் ஆரணி ஏரியில் இருபது படகு நிற்கும். போளூரில் நிற்கும், சேத்துப்பட்டில் நிற்கும். ஒருவனே முழுப் படகு வாங்கவேண்டியதில்லை. சங்கம் வைத்து, வருஷச் சந்தா கட்டி, முறை போட்டுக்கொண்டு குமாஸ்தாவும் போகலாம், நெய்கிறவனும் போகலாம், பெண்பிள்ளைகளும் போகலாம்.

முதலியார் சிரித்தார். "தண்ணி மேல உக்காந்துகினு சும்மா இருக்கறதுக்கு எவனாவது சந்தா கட்டுவானா ரைட்டரே?"

நீர் ஏன் கட்டினீர் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எனக்குத் தெரியும் ஏன் கட்டினார் என்று. ஜாகீரில் யாரிடமும் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

நவம்பர் 20

அந்தோணியம்மாள் இன்றும் வரமாட்டேன் என்றாள். "ஊரே கரையில நின்னு பாக்கும். ரைட்டர் பொண்டாட்டி படகுல போறா பாருன்னு." கல்யாணமாகிப் பதினாறு வருஷம். என்னோடு சென்னையிலும் இருந்தாள். அங்கேயும் கரைதான். இங்கே படகு நம்முடையதடி என்றேன். "மூணுல ஒண்ணு" என்றாள்.

டிசம்பர் 9

மழை. கச்சேரி. மழை. ஏரி நிரம்பிக் கோடி போகிறது.

1895 ஜனவரி 17

அந்தோணியம்மாள் தானாகவே சொன்னாள். தவக்காலம் வருவதற்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை வருகிறாளாம். விடியற்காலையில் போகவேண்டுமாம், கூட்டம் சேராதாம். பிப்ரவரி 12 என்று வைத்தோம். எனக்கு ராஜ்யமே கிடைத்தமாதிரி இருக்கிறது. அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஜனவரி 20

மடத்தனம் செய்தேனா, நல்லது செய்தேனா, தெரியவில்லை.

கோயில் குளத்துப் படி மழையில் சரிந்துவிட்டது. தெப்பத்துக்கு வைத்திருந்த மரமும் உளுத்துப்போச்சு. இந்த வருஷம் தைமாதத் தெப்பம் நின்றுவிடும் என்று முதலியார் கடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலியாருக்குத் தர்மகர்த்தா ஆகவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. நாலு பெரிய மனுஷர்கள் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான், அந்தக் கோயிலுக்குச் சம்பந்தமே இல்லாத நான், "ஏரியில் நடத்துங்களேன், எங்கள் படகு இருக்கிறதே" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன், விளக்கு அலங்காரத்தோடு படகு போக, ஊர் முழுக்கக் கரையில் நிற்க, நான் துடுப்புப் போடுவதாக வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 3

நான் துடுப்புப் போடக்கூடாதாம். அதைக்கூட நேரே சொல்லவில்லை. தருமனிடம் சொல்லி அனுப்பினார்கள். "நீங்க தப்பா நெனைக்கக்கூடாது ரைட்டரே. நான் ஓட்டறனாம். நீங்க அன்னிக்கு... கொஞ்சம் தள்ளியே இருந்துகினா நல்லதுன்னாங்க."

சரி. ஒரு நாள்தானே.

பிப்ரவரி 10

நேற்றுத் தெப்பம். வேப்பமரத்தடியிலிருந்து பார்த்தேன். இருக்கைகளின் மேல் பலகை அடித்து, மண்டபம் கட்டி, சாமியை வைத்து, மூன்று சுற்று. தருமன் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிக்காமல் ஓட்டினான். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. முதலியாருக்குப் பரிவட்டம் கட்டினார்கள்.

பிப்ரவரி 12

எழுதக் கை வரவில்லை.

விடியற்காலையில் அந்தோணியம்மாள் கல்யாணச் சேலை கட்டிக்கொண்டாள். நான் சொல்லவே இல்லை, அவளாகவே. இருட்டு விலகுவதற்குள் கரைக்குப் போய்விட்டோம். படகு தண்ணீரில் இல்லை. கரைமேல் புதுக் கொட்டகை போட்டு ஏற்றி வைத்திருக்கிறார்கள். நான் சென்னையில் சொல்லி அடித்த பச்சை வர்ணத்தின்மேல் மஞ்சளும் குங்குமமும். தருமன் கையைக் கூப்பிக்கொண்டு குறுக்கே நின்றான்.

"சாமி ஏறினது, ரைட்டரே. இனிமே மனுஷங்க ஏறக்கூடாதாம். முதலியாரு சொல்லிட்டாரு. நீங்க தொடக்கூட வேணாம்ங்க, என் வேலை போயிடும்."

நான் கத்தினேன். என்னென்னவோ கத்தினேன். அவன் என்ன செய்வான் பாவம், தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அந்தோணியம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வாங்க, போலாம்" என்றாள். வந்ததும் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு அடுப்பு மூட்டினாள்.

பிப்ரவரி 14

முதலியாரிடம் போனேன். வீட்டுக்குள் கூப்பிடாமல் கடையிலேயே பேசினார். பழனி ரெட்டியாரும் இருந்தார். அவருக்குச் சந்தோஷம், எந்நேரமும் தண்ணீர்க் கண்டம் என்று அழுகிற அவர் சம்சாரத்துக்கு இனி நிம்மதியாம்.

எனக்கும் பங்கு இருக்கிறது என்றேன். முதலியார் பெட்டியிலிருந்து எங்கள் உடன்படிக்கையை எடுத்து என்னிடமே நீட்டினார். "நீங்க எழுதினதுதானே. படிங்க."

"மூவரில் இருவர் சம்மதித்தது மூன்றாமவரையும் கட்டும்." என் கையெழுத்து. முத்துமுத்தாக இருக்கிறது. முதலியார் ஏதாவது தாறுமாறு செய்தால் நானும் ரெட்டியாரும் சேர்ந்து அடக்கலாம் என்று நினைத்து நானே யோசித்து எழுதியது. கச்சேரியில் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தே வயிறு வளர்க்கிறவன், என் கழுத்துக்கு நானே சுருக்குப் போட்டுக்கொண்டேன்.

"சாமிக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேப்பாங்களா ரைட்டரே? நீங்கதானே வலிய வந்து குடுத்தீங்க" என்றார் முதலியார். குரல் அவ்வளவு சாந்தம். தர்மகர்த்தா ஆகிவிட்டார் அல்லவா.

மார்ச் 5

அந்த முதலியார், பாவி. பாவி. பாவி.

ஜூன் 23

படகு என்ற பேச்சையே எடுப்பதில்லை. கச்சேரியில் ஒருவன் "தெப்பக்கார ரைட்டர்" என்று கூப்பிட்டான். மையைக் கொட்டிவிட்டேன், வேண்டுமென்றேதான்.

ஆகஸ்ட் 18

ஏரிப்பக்கம் போகக்கூடாது என்றிருந்தேன். போனேன். கொட்டகையின் மேற்குப் பக்கம் கீற்றுப் பறந்துபோச்சு. பிற்பகல் வெயில் முழுக்கப் படகின்மேல். வர்ணம் செதில் செதிலாக வருகிறது. கிட்டே போகாமலே பலகைக்கும் பலகைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார் இல்லை. கற்பூரம் மட்டும் வேளாவேளைக்குக் காட்டுகிறார்கள்.

நவம்பர் 26

ஏரி நிரம்பியிருக்கிறது. கொக்கு மட்டும் நிற்கிறது. சங்கமாம், சந்தாவாம், இருபது படகாம். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

1896 ஜனவரி 26

தருமன் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றுகொண்டே கேட்டான். வியாழக்கிழமை தெப்பம். அன்று சாயங்காலம் நல்ல நேரம் பார்த்துத்தான் படகு தண்ணீரில் படவேண்டுமாம், அதற்கு முன்னால் இறக்கக்கூடாதாம். "மொத தபா படகு வந்ததும் நீங்க மூணு நாளு கரையோரமா ஊறப் போட்டீங்களே. இப்ப அப்டியே எறக்கினா பரவால்லியா, ரைட்டரே?"

எனக்குத் தெரியும். ஒரு வருஷம் காய்ந்த மரம். ஊறிப் பருத்தால்தான் பலகை பலகையோடு சேரும். மேலே பலகை அடித்து மூடிவிட்டால் உள்ளே தண்ணீர் ஏறுவதும் தெரியாது. எல்லாம் தெரியும்.

"நான் யாரு சொல்றதுக்கு? படகு சாமியுது. சாமியைப் போய்க் கேளு" என்றேன்.

மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு போய்விட்டான்.

ஜனவரி 27

அந்தோணியம்மாள் உள்ளேயிருந்து கேட்டிருக்கிறாள். "ஊறப் போடாம எறக்கினா ஒழுகும்னு நீங்கதானே எங்கிட்ட சொன்னீங்க? அவங்கிட்ட சொல்லிடுங்க." சொல்கிறேன் என்றேன். நாளைக்குச் சொல்லலாம். முதலியார் வந்து கேட்கட்டுமே. ஒரு தடவை என் வாசலில் வந்து நின்று கேட்கட்டும்.

ஜனவரி 28

முதலியார் வரவில்லை. அவள் இன்றும் கேட்டாள். சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

ஜனவரி 29

ஏரிக்கரை வரை போனேன். கொட்டகைக்கு மாவிலைத் தோரணம். கால் அதற்குமேல் போகவில்லை. ஏன் போகவில்லை? நனையட்டும், நாலு பெரிய மனுஷன் நனையட்டும் என்று இருந்தது. தெப்பம் சுற்றுகிற இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர்தானே.

ஜனவரி 31

நேற்று இரண்டாவது சுற்றில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் வேப்பமரத்தடியில் நின்றேன். முதலில் ஒருவருக்கும் புரியவில்லை, மேளம் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு மண்டபம் சரிந்தது. ஒவ்வொருவராகக் குதித்தார்கள். இடுப்பளவுத் தண்ணீர்தான், சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தேன். முதலியார் நனைந்தார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாமியையும் பத்திரமாகக் கரை சேர்த்துவிட்டார்கள்.

தருமன் குதிக்கவில்லை. படகைக் கரைக்குத் திருப்பலாம் என்று துடுப்பைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறான். விளக்குத் தூண் அவன்மேல் சாய்ந்தது. கொதிக்கிற எண்ணெய் வலது தோளிலிருந்து விரல் வரைக்கும். அவன் அலறினது மேளத்துக்கு மேலே கேட்டது.

ஓடினேன். கடைசியில் ஓடினேன்.

பிப்ரவரி 4

கிறிஸ்தவன் உட்கார்ந்த பலகை, அதனால்தான் சாமி தங்கவில்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். முதலியார் இன்று என் வாசலுக்கு வந்தார். வந்தேவிட்டார்.

"எங்க ரெண்டு பங்கும் உங்களுக்கேங்க, ரைட்டரே. அந்த மரத்தை ஜல்தியா எடுத்துகினு போயிடுங்க. கோயில்ல வச்சிருக்க முடியாது." கையெழுத்துப் போட்டே கொண்டுவந்திருந்தார். வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 9

தருமனைப் பார்க்கப் போனேன். கை வாழையிலையில் சுற்றிக் கிடக்கிறது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, இனிப் பிரியாது என்கிறார் வைத்தியர். அவன் சம்சாரம் சின்னம்மாள் எனக்கு மணை போட்டாள். அவன் என்னைப் பார்த்துச் சொன்னான்: "உங்களுக்கே தெரிஞ்சிருக்காதுன்னுதான் நெனைச்சேன், ரைட்டரே. தெரிஞ்சா சொல்லியிருப்பீங்களே."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

பிப்ரவரி 22

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபத்தைச் சொன்னேன், பொய்யைச் சொன்னேன், பொறாமையைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. சாமியார் பரிகாரமாக மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

படகை மூன்று நாள் ஊறப் போட்டு, இடுக்கெல்லாம் அடைத்து, புதுப் பச்சை வர்ணம் அடித்தேன். ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. முழுதும் என்னுடையது. அந்தோணியம்மாளிடம் சொன்னேன், விடியற்காலையில் போகலாம், ஊரில் யாரும் அந்தப் பக்கமே வருவதில்லை, பார்க்க ஆள் இருக்காது என்று.

"தருமன்கிட்ட சொல்லிட்டேன்னு சொன்னீங்களே. என்னான்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. பதிலுக்காக நின்றாள். நான் துடுப்பை எடுத்துத் துடைத்தேன்.

தினமும் காலையில் தருமன் வீட்டுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போகிறாள். அவனுக்கு ஊட்டிவிடவேண்டும், சின்னம்மாள் கூலிக்குப் போய்விடுகிறாள். இன்று நான் ஏரி நடுவில் இருந்தபோது அந்தோணியம்மாள் கரைமேல் போனாள். துடுப்பை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டேன். தண்ணீர்மேல் குரல் நன்றாகக் கேட்கும். அவள் கஞ்சிப் பாத்திரத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.