தழும்புச் சான்றிதழ்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். எனக்கு இன்று கால் தரையில் பாவவில்லை, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். உன் அம்மா இனி வெறும் பஸ் டிரைவர் இல்லை, நேற்றிலிருந்து டிப்போ சங்கத்தின் செயலாளர். உன்னிடம் மறைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு யாரோ என் முகத்தைக் கம்ப்யூட்டரில் வேறொரு உடம்பில் ஒட்டி, துணியில்லாத படமாக்கி, டிப்போ முழுக்க அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு முகம் செத்துப்போனது, போட்டியே வேண்டாம் என்றார். நானும் இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தால், கொடி இடுப்பு, உன்னைப் பெற்ற ஆபரேஷன் தழும்பையே காணோம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்குத் தழும்பு உண்டு என்று டாக்டரிடம் சான்றிதழே வாங்கி, ஃபைலில் போட்டு, அப்பாவையும் இழுத்துக்கொண்டு காவல் நிலையம் போனேன்.

அங்கே இருந்த பெண் இன்ஸ்பெக்டருக்கு உன் வயதுதான் இருக்கும். நான் திறந்த ஃபைலை அவர் மூடிவிட்டார். "அது நீங்க இல்லைன்னு நிரூபிக்கவே வேண்டாம்மா. நீங்க சம்மதிக்கல, அது போதும். போலிப் படம்னாலும் குற்றம்தான், இப்ப சட்டம் இருக்கு" என்றார். படம் ஏறியிருந்த இணையதளங்களுக்கு நோட்டீஸ் போய், இரண்டே நாளில் எடுத்துவிட்டார்கள். செய்தது என்னை எதிர்த்து நின்ற டைம்கீப்பர்தான், இனி கோர்ட்டுக்கு நடக்கட்டும். அப்பா இப்போது வாயெல்லாம் பல்லாக, சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டலாமா என்கிறார், மாட்டினால் வீட்டில் சோறு கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

கண்ணு, நீ கல்லூரியில் படித்தபோது உனக்கும் இப்படி ஒரு படம் வந்ததே, அன்று நான் முதலில் கேட்டது "அது நீ இல்லதானே?" என்றுதான். அதற்குப் பிறகு நீ அதைப் பற்றிப் பேசவேயில்லை, தூரமாக வேலை தேடிப் போய்விட்டாய். அந்த இன்ஸ்பெக்டர் ஃபைலை மூடியபோது எனக்கு அந்தக் கேள்விதான் காதில் விழுந்தது. நான் கேட்டிருக்கக் கூடாது, மன்னித்துவிடு. அந்தப் படம் இன்னும் எங்காவது கிடந்தால் எடுக்க வைக்கலாமாம், விசாரித்துவிட்டேன். உனக்கு விருப்பமிருந்தால் சொல், நானும் கூட வருகிறேன். இந்த முறை ஃபைலில் சான்றிதழ் எதுவும் வைக்கமாட்டேன்.

தீர்க்காயுசாக, தைரியமாக இரு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன் அம்மா (சங்கச் செயலாளர்)