கடலை ஆய்ந்த இடத்தில் பொன்னுத்தாய்

1938, கார்த்திகை, சனிக்கிழமை.

ஓடைப்பட்டித் தோட்டத்தில் செடியிலிருந்து கடலை ஆயும் பெண்களைப் பார்த்துக்கொள்ள அய்யா இன்று என்னை அனுப்பினார். வகுப்பில் நான்தான் முதல். இதில் மட்டும் தோற்பேனா என்றுதான் போனேன். போனதும், யாரும் கடலை தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

"ஏத்தா, நாலு பச்சக்கடலை தின்னா உங்க தோட்டம் கொறஞ்சா போகும்?" என்றாள் மாயக்கா. கூடாதென்றால் கூடாதுதான் என்றேன். அதன்பின் யாரும் பேசவில்லை, கைகளும் ஓடவில்லை.

மத்தியானம் கஞ்சி கொண்டுவந்த அத்தை மகள் பொன்னுத்தாய் அவர்கள் நடுவே உட்கார்ந்தாள். முதல் கடலையை உடைத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். "என்ன மாயக்கா, மருமக வந்ததும் இளைச்சுட்டீக?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தின்றார்கள். பொழுது சாய்வதற்குள் காலையில் ஆய்ந்ததைப்போல் இரண்டு மடங்கு குவிந்துவிட்டது.

"நாளைக்கும் இந்தப் பிள்ளையவே அனுப்புங்கய்யா" என்றார்கள். சாயங்காலம் கூலி கொடுக்க வந்த அய்யா சரியென்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்துக் கணக்கு எழுதுகிறவள் அவள். இன்று அவள் செய்ததுதான் சரி. அது தெரிவதால்தான் தூக்கம் வரவில்லை.

நாளை நானும் போவேன், கடலை ஆய. அவள் பக்கத்தில் மட்டும் உட்கார மாட்டேன்.