முன் சீட்டுக்கு அடியில் கழன்ற வயர்

ஓவியா அப்பாவுக்கு,

இருக்கன்குடி கோயிலுக்குப் பஸ்ஸிலேயே போறேன். கத்தரிக்காய்க் குழம்பு அடுப்பு மேல இருக்கு. உப்பு போடலை, வேணுமின்னுதான்.

காருல டி.வி. தெரியலைன்னு மெக்கானிக்கை வரச் சொன்னீகளே, வேண்டாம்னு சொல்லிருங்க. நானே பாத்துட்டேன். உங்களுக்குப் பக்கத்துல நான் உக்காருற முன் சீட்டுக்கு அடியில வயர் கழண்டு கெடந்துச்சு, சொருகினேன், படம் வந்துருச்சு. சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால தள்ளுனா வயர் இழுபட்டுக் கழண்டுக்கிடுது. ரெண்டு தடவை தள்ளிப் பாத்தேன்.

நான் குட்டை. சீட்டை முன்னால இழுத்துத்தான் உக்காருவேன். உங்க வெடிக் கம்பெனி ஆபீஸ் அழகுமீனாதான் நெட்டை.

அவ ஏறுனது கூடப் பெருசில்ல. ‘வண்டியில யாருமே ஏறலை’ன்னு சொன்னீகளே!

மாரித்தாய்

சாயங்காலம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிட வந்தா, சீட்டை முன்னால இழுத்து வச்சுட்டு வாங்க.