துடைக்காத மூலை

6 ஜனவரி 2025, கூத்தாநல்லூர்

மாமி பள்ளிவாசல் ஹஜ்ரத்தை வீட்டுக்கே வரவழைத்துவிட்டார். "நௌஷாத் துபாயில காணாமப் போயி நாலு வருஷம் முடிஞ்சுதும்மா. இத்தா இருந்துடுங்க" என்றார் ஹஜ்ரத். புருஷன் இறந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். இருந்தால், மச்சான் மவுத்தாகிவிட்டார் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். மாட்டேன்.

"பெத்தவ நானே மனச தேத்திக்கிட்டேன் ஷம்சாத்" என்று மாமி அழுதார். எரிச்சலாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

"அந்தக் கோபுரத்தப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன். துபாயில் மச்சான் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைத்த கோபுரம். அடுத்த வருஷம் உன்னை லிஃப்டில் மேலே கூட்டிப்போகிறேன் என்பார். எத்தனை அடுத்த வருஷம்!

7 ஜனவரி

பீரோ கண்ணாடியைத் துடைத்தேன். மச்சான் துடைத்தால் இடது கீழ் மூலையை விட்டுவிடுவார். அந்த அழுக்கில் பெருவிரலை அழுத்தி வைப்பார். "முழுசா பளபளன்னு இருந்தா கண்ணு பட்டுடும்." கதிர் அரிவாள் வெட்டிய தழும்பு, ரேகையின் குறுக்கே கோடாக விழும். துபாயிலும் இப்படித்தான் செய்து திட்டு வாங்கினாராம்.

19 ஜனவரி, துபாய்

தம்பி தௌபீக் கூட்டிப்போனான். லிஃப்ட் ஏறியதும் காது அடைத்தது. அடைத்த காதுக்குள் யாரோ கண்ணாடியில் ஈரத்துணி தேய்க்கிற கீச் சத்தம். "ஒண்ணும் கேக்கலியே லாத்தா" என்றான்.

மேலே எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். நான் ஒவ்வொரு கண்ணாடியிலும் இடது கீழ் மூலையைப் பார்த்தேன். ஒரு சுற்று முழுக்க ஒன்றுமில்லை. பிறகுதான் உறைத்தது — மச்சான் வெளியே அல்லவா நிற்பார்! அவருக்கு இடது, எனக்கு வலது.

மறுபடி சுற்றினேன். எட்டாவது கண்ணாடி. வலது கீழ் மூலையில் கைக்குட்டை அளவு அழுக்கு. அதில் பெருவிரல். குறுக்கே கோடு.

உயிரோடு இருக்கிறார். இருக்கிறார்!

20 ஜனவரி

தௌபீக் விசாரித்துவிட்டு வந்தான். முகமே சரியில்லை. "நேத்துக் காலையிலதான் தொடச்சிருக்காங்க. ஆனா ஆளு இல்ல லாத்தா. அந்த உயரத்துல ரெண்டு வருஷமா மிஷின்தான்."

21 ஜனவரி

உயிரோடு இருப்பவர் ஒரு போன் செய்திருக்க மாட்டாரா?

2 பிப்ரவரி, கூத்தாநல்லூர்

இன்று இத்தாவில் உட்கார்ந்தேன். மாமி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், நாலு வருஷத்தில் முதல் தடவையாக. பின்வயலில் அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பீரோ கண்ணாடிய துணி போட்டு மூடிடும்மா" என்றார். மூடப்போனேன். மூலையில் அழுக்கு. துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், அப்போதும் போகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

வலது கீழ் மூலை. பெருவிரல். குறுக்கே கோடு.

துணியைப் போட்டேன். அந்த மூலையை மட்டும் மூடவில்லை.