கைக்குத் தட்டுப்படாத கட்டி

ஜூலை 15, செவ்வாய்

இடது மார்பில் மூன்று மாதமாக ஒரு கட்டி. இலத்தூரிலிருந்து சாரலில் நனைந்து, தென்காசிக்குத் தனியாகவே போய் ஸ்கேன் எடுத்தேன்.

"நீங்க பயந்தது வெறும் நீர்க்கட்டிம்மா" என்றார் டாக்டரம்மா. அழுதுவிட்டேன். அவர் ஸ்கேன் கருவியை மார்பிலிருந்து எடுக்காமல் மறுபடி அழுத்திப் பார்த்தார்.

"பக்கத்துல சின்னதா இன்னொண்ணு இருக்கு. கைக்குத் தட்டுப்படாது. ஊசி வழியா கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்."

"கேன்சரா?"

"பார்க்காம சொல்ல முடியாதும்மா."

சாயங்காலம் துபாயிலிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். இதுவரை மறைத்ததையெல்லாம் சொன்னேன்.

"டிக்கெட் போடுதேன்" என்றார்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நான் அவரை வரச்சொன்னதே இல்லை, பிரசவத்துக்குக்கூட.

"சீக்கிரம் வாங்க" என்றேன்.

வியாழக்கிழமை ஊசி. வலிக்குமா என்று கேட்க மறந்துவிட்டேன்.